பச்சை டிக் வந்தாச்சு... ஆனா அது யாரோட கையெழுத்து?

இ-ஆதாரை டவுன்லோட் பண்ணி கம்ப்யூட்டரில் அடோபி ரீடரில் திறந்தவர்களுக்கு இந்தக் காட்சி தெரியும். கீழே ஒரு மஞ்சள் கேள்விக்குறி, பக்கத்தில் 'வேலிடிட்டி அன்நோன்' என்று எழுத்து. உடனே பதறி யூடியூபில் தேடுவோம். ரைட் கிளிக், ரெண்டு மூணு பட்டன், கேள்விக்குறி போய் பச்சை டிக் வந்துவிடும். அப்பாடா என்று பிரிண்ட் எடுத்து லேமினேட் பண்ணிவிடுவோம்.

இதில் ஒரு சின்ன சிக்கல் இருக்கிறது. அந்தப் பச்சை டிக்கை வரவைத்தது கம்ப்யூட்டர் இல்லை, நாம்தான்.

கையெழுத்து எப்படி வேலை செய்கிறது?

டிஜிட்டல் கையெழுத்து என்றால் ஸ்கேன் பண்ணி ஒட்டின கையெழுத்துப் படம் இல்லை. அது ஒரு கணக்கு. முதலில் மொத்த ஃபைலையும் எஸ்ஹெச்ஏ-256 மாதிரியான ஒரு ஹேஷ் முறையில் போட்டு, குறிப்பிட்ட நீளமுள்ள ஓர் எண்ணாகச் சுருக்குவார்கள். ஃபைலில் ஒரு கமா மாறினாலும் அந்த எண் வேறாகிவிடும். கையெழுத்துப் போடுகிறவர் தன்னிடம் மட்டும் இருக்கும் ரகசியச் சாவியால் அந்த எண்ணுக்கு முத்திரை வைக்கிறார். அதற்கு ஜோடியான பொதுச் சாவி யாரிடம் வேண்டுமானாலும் இருக்கலாம். அதை வைத்து முத்திரை சரியா என்று யாரும் பார்க்கலாம். 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் டிஜிட்டல் கையெழுத்துக்கு அங்கீகாரம் கொடுத்தது இந்த முறையை வைத்துத்தான்.

சரிபார்க்கும் வேலையைச் செய்வது ஒரு கிரிப்டோகிராஃபி லைப்ரரி. புரோகிராமர்கள் அதனிடம் மூன்று பொருளைக் கொடுப்பார்கள்: செய்தி, கையெழுத்து, பொதுச் சாவி. 'பொருந்துது' அல்லது 'பொருந்தல' என்று அது பதில் சொல்லும். அவ்வளவுதான் அதன் வேலை. 'இந்தச் சாவி யாருடையது?' என்ற கேள்விக்கு அதனிடம் பதில் கிடையாது. அதை நாம்தான் வெளியிலிருந்து கொண்டுவர வேண்டும்.

அந்தப் பதிலுக்காகத்தான் சான்றிதழ்ச் சங்கிலி என்று ஒன்று இருக்கிறது. இந்தியாவில் அதன் உச்சியில் சிசிஏ எனப்படும் சான்றளிப்பு அமைப்புகளின் கட்டுப்பாட்டாளர் இருக்கிறார். அவருக்குக் கீழே உரிமம் பெற்ற சான்றளிப்பு அமைப்புகள், அவற்றுக்குக் கீழே அதிகாரிகளும் நிறுவனங்களும் தனிநபர்களும். மஞ்சள் கேள்விக்குறிக்கு அர்த்தம் 'இது போலி' என்பது இல்லை. 'இந்தச் சங்கிலியின் உச்சியில் இருக்கிறவரை எனக்குத் தெரியாதே' என்று மென்பொருள் சொல்கிறது. நேர்மையான பதில் அது.

நாம் அதற்கு என்ன செய்கிறோம்?

ஆதார் ஆணையம் மக்களுக்குச் சொல்லித்தந்த வழிமுறை இது: கையெழுத்தின் மேல் ரைட் கிளிக் பண்ணுங்கள், சான்றிதழைத் திறங்கள், சங்கிலியில் தேசிய தகவலியல் மையமான என்ஐசியின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள், பிறகு அதை 'நம்பகமானவர்' பட்டியலில் சேருங்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தச் சான்றிதழ் எங்கிருந்து வருகிறது? நாம் சந்தேகப்படும் அதே ஃபைலுக்குள்ளிருந்து!

சான்றிதழில் எந்தப் பெயரை வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம். ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற இலவச மென்பொருளில் சில வரிகள் தட்டினால் போதும், என்ஐசி பெயரிலேயே ஒரு டூப்ளிகேட் சங்கிலி தயார். அதை வைத்துக் கையெழுத்துப் போட்ட போலி ஃபைலுக்கும் அதே ரைட் கிளிக் வழிமுறையைச் செய்து பாருங்கள், அதே பச்சை டிக் வரும். வாசலில் வந்து நிற்கிற ஆளிடமே ஐடி கார்டு வாங்கி, 'அதான் போலீஸ்னு போட்டிருக்கே' என்று கதவைத் திறப்பது மாதிரிதான் இது.

போனில் நிலைமை இன்னும் மோசம். நாம் வாட்ஸ்அப்பில் வந்ததும் திறக்கும் பல பிடிஎஃப் வியூவர்கள் கையெழுத்தைச் சரிபார்ப்பதே இல்லை. பக்கத்தில் என்ன படம் வரைந்திருக்கிறதோ அதை அப்படியே காட்டும். அங்கே தெரிகிற டிக், வெறும் படம். பிரிண்ட் எடுத்துவிட்டால் கதை முடிந்தது. காகிதத்தில் டிஜிட்டல் கையெழுத்து உயிரோடு இருக்காது.

எல்லை ஊரில் இது ஏன் பெரிய விஷயம்?

ஈசிஆரில் புதுச்சேரியின் வடக்கு விளிம்பில் இருக்கிறது கனகசெட்டிக்குளம். அதைத் தாண்டினால் தமிழ்நாடு. அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா என்பது அங்கே வெறும் மேப் சமாச்சாரம் இல்லை. சென்டாக் கலந்தாய்வில் புதுச்சேரி ஒதுக்கீட்டில் சீட் கேட்க இருப்பிடச் சான்று வேண்டும். ஒரு பிள்ளையின் காலேஜ் சீட் அந்த ஒரு ஃபைலை நம்பி நிற்கிறது. அதை வாங்கிப் பார்க்கிறவர் டிக்கை மட்டும் பார்த்தால், நிஜமான சான்றோடு வந்த பிள்ளைக்கும் போலியோடு வந்தவருக்கும் வித்தியாசமே தெரியாது. நஷ்டம் நிஜமான பிள்ளைக்குத்தான்.

ஒரு காலத்தில் கெசட்டட் ஆபீசரின் பச்சை மை கையெழுத்துக்காக அலைந்தோம். அதை யாரும் சரிபார்த்ததில்லை. பச்சையா இருக்கு, சீல் இருக்கு, ஓகே. இப்போது பச்சை மை போய் பச்சை டிக் வந்திருக்கிறது. பழக்கம் மட்டும் மாறவில்லை.

அரசு சங்கிலியே தடுமாறினால்?

'அரசாங்க சர்டிஃபிகேட்தானே, அதுல என்ன சந்தேகம்?' என்று கேட்கலாம். 2014 ஜூலையில் நடந்ததைப் பாருங்கள். கூகுளின் இணைய முகவரிகளுக்கு அனுமதியில்லாத சான்றிதழ்கள் உலவுவதை கூகுள் கண்டுபிடித்தது. அவற்றை வழங்கியிருந்தது என்ஐசியின் சான்றளிப்பு அமைப்பு. மறுநாளே என்ஐசியின் இடைநிலைச் சான்றிதழ்களை சிசிஏ ரத்து செய்தது. அதன் பிறகு, இந்திய சிசிஏ சங்கிலியை குறிப்பிட்ட சில இந்திய முகவரிகளுக்கு மட்டுமே ஏற்பது என்று குரோம் கட்டுப்பாடு போட்டது. அந்தச் சம்பவத்தில் யாரும் கணக்கை உடைக்கவில்லை. சங்கிலியில் ஒரு கண்ணி கைமாறியது, அவ்வளவுதான். ஆகவே 'யார் கையெழுத்து?' என்பதோடு 'அந்தச் சாவி இன்றைக்கும் செல்லுமா, ரத்தாகிவிட்டதா?' என்றும் கேட்டாக வேண்டும்.

கோடு எழுதுகிறவர்களுக்கு

இந்தத் தவறு பொதுமக்களோடு நிற்பதில்லை. ஐடி வேலையில் இருக்கும் நண்பர்கள் இதைக் கவனிக்கணும்.

2009 ஜனவரியில் ஓப்பன்எஸ்எஸ்எல் ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. சரிபார்க்கும் ஃபங்ஷன் சரி என்றால் 1, தவறு என்றால் 0, ஏதோ கோளாறு என்றால் மைனஸ் 1 தரும். பல இடங்களில் 'பூஜ்யம் இல்லையென்றால் சரி' என்று எழுதி வைத்திருந்தார்கள். விளைவு, உருக்குலைந்த கையெழுத்தும் நல்ல கையெழுத்தாகப் பாஸ் ஆனது. 2022 ஏப்ரலில் ஜாவாவின் 15 முதல் 18 வரையான பதிப்புகளில் இன்னொரு ஓட்டை வெளிவந்தது. ஈசிடிஎஸ்ஏ கையெழுத்தில் இருக்க வேண்டிய இரண்டு எண்களும் பூஜ்யமாக இருந்தாலும் 'சரி' என்றது அது. வெற்றுக் காகிதத்தைக் கையெழுத்து என்று ஏற்ற கதை.

2025 மே மாதம் ஓப்பன்பிஜிபி.ஜேஎஸ் லைப்ரரியில் வந்தது வேறு ரகம். ஒருவர் ஏற்கெனவே கையெழுத்திட்ட ஒரு செய்தி கையில் கிடைத்தால் போதும். அதை வைத்து, அவர் எழுதாத வேறு செய்தியை 'இவர் கையெழுத்திட்டது' என்று லைப்ரரியையே சொல்லவைக்க முடிந்தது. கையெழுத்து நிஜம், ஆனால் திரையில் காட்டிய செய்தி வேறு. 5.11.3, 6.1.1 பதிப்புகளில் இதைச் சரிசெய்தார்கள்.

பாடம் இதுதான். 'சரி' என்று தெளிவாக வந்தால் மட்டும் உள்ளே விடுங்கள், மற்ற எல்லா பதிலும் 'இல்லை'தான். எந்தச் செய்தியைச் சரிபார்த்தீர்களோ அதையே பயன்படுத்துங்கள். சாவியைச் செய்தியோடு வந்த பையிலிருந்து எடுக்காதீர்கள். லைப்ரரியை அப்டேட் பண்ணுவதைத் தள்ளிப்போடாதீர்கள்.

சரி, என்ன செய்யலாம்?

கனகசெட்டிக்குளத்தில் இருக்கிறவர் சான்றிதழ்ச் சங்கிலியைப் படித்துத் தெரிந்துகொள்ளணும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. பொறுப்பு ஃபைலை வாங்குகிற அலுவலகத்துக்கும் கொடுக்கிற அரசுக்கும்தான். காலேஜ், வங்கி, ஹெச்ஆர் என யாராக இருந்தாலும் பிரிண்ட்டையும் ஸ்கிரீன்ஷாட்டையும் சரிபார்த்ததாகக் கணக்கில் எடுக்கக் கூடாது. ஆதாரில் இருக்கும் க்யூஆர் கோடே டிஜிட்டல் கையெழுத்திட்டதுதான். அதை ஆணையத்தின் ஆப்பில் ஸ்கேன் பண்ணினால் வேலை முடிந்தது. மற்ற சான்றுகளை டிஜிலாக்கரிலிருந்தோ, வழங்கிய துறையின் தளத்திலோ நேராகப் பார்க்கலாம். கம்ப்யூட்டரில்தான் பார்க்கணும் என்றால், சிசிஏ தளத்திலிருந்து வேர்ச் சான்றிதழை ஒரே ஒரு முறை எடுத்து நிறுவிக்கொள்ளலாம். ஃபைலுக்குள்ளிருந்து எடுக்க வேண்டாம்.

அரசு செய்ய வேண்டியது இன்னும் எளிது. 'நம்பகமானவர் பட்டியலில் சேருங்கள்' என்று மக்களுக்குப் பாடம் எடுப்பதை நிறுத்திவிட்டு, அந்தக் கேள்விக்குறியே வராதபடி தன் வேர்ச் சான்றிதழை மென்பொருள் நிறுவனங்களின் பட்டியலில் சேர்க்க முயலலாம். எச்சரிக்கையைப் பார்த்ததும் அதை அமுக்கப் பழகிய மக்களுக்கு, நாளை நிஜமான எச்சரிக்கை வரும்போதும் கை அந்தப் பட்டனுக்குத்தான் போகும்.

அதுவரை, மஞ்சள் கேள்விக்குறி வந்தால் அவசரப்பட்டு பச்சையாக்காதீர்கள். 'தெரியாது' என்று சொல்கிற மென்பொருள், தெரியாததைத் தெரிந்ததாகச் சொல்கிற மென்பொருளைவிட எவ்வளவோ மேல்.