கல்யாண வாசலைத் தாண்டாத கதைகள்

தமிழ்த் தொடர்களில் பணக்காரர் என்றால் சொத்துள்ளவர். அந்தச் சொத்து யார் உழைப்பில் சேர்ந்தது என்று கதை கேட்பதில்லை. சன் தொலைக்காட்சியின் ‘எதிர்நீச்சல்’ (2022-24) தொடரில், குடும்பச் சொத்தில் அப்பத்தாவுக்கு உள்ள 40 விழுக்காட்டுப் பங்கு யாருக்கு என்பதைச் சுற்றியே கதை நெடுநாள் நகர்ந்தது. விஜய் தொலைக்காட்சியில் 2023இல் தொடங்கிய ‘சிறகடிக்க ஆசை’யில், மலேசியாவில் பணக்கார அப்பா இருப்பதாகப் பொய் சொன்ன ரோகிணியை மாமியார் விஜயா கொண்டாடினார், பூக்கட்டிப் பிழைக்கும் மீனாவை இளக்காரமாக நடத்தினார். பணத்தை வைத்து மனிதரை அளக்கும் அநியாயத்தை இரண்டு தொடர்களுமே கண்டிக்கின்றன. ஆனால், செல்வம் பிறப்பிலும் கல்யாணத்திலும் வருவது என்ற கணக்கை அவை மாற்றவில்லை. உழைப்பு நல்ல குணத்துக்குச் சாட்சியாக நிற்கிறதே தவிர, கூலி என்ன, அது ஏன் போதவில்லை என்ற கேள்வி எழுவதில்லை.

சிறுபான்மையினரும் தலித்துகளும் இக்கதைகளில் அநேகமாக இல்லாமல் போவதற்கும் வேர் இந்தக் கல்யாணக் கணக்கே. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் முஸ்லிம்கள் 5.9, கிறிஸ்தவர்கள் 6.1, பட்டியல் சாதியினர் 20 விழுக்காடு. சேர்த்தால் மூன்றில் ஒரு பங்கை நெருங்குகிறது. தொடர்களிலோ முஸ்லிமும் கிறிஸ்தவரும் உதவி செய்துவிட்டு மறையும் நண்பராக, மருத்துவராக வருவார்கள். தலித் குடும்பம் அந்த அடையாளத்தோடு வருவதே அரிது. எழுதுபவர்களின் வெறுப்பைத்தான் இதற்குக் காரணமாகச் சொல்ல வேண்டும் என்பதில்லை. தொடருக்குத் தெரிந்த ஒரே உறவு சம்பந்தி உறவு. நம் சமூகத்தில் கல்யாணம் பெரும்பாலும் சாதிக்குள் நடப்பது. சம்பந்தியாக வர முடியாதவர் கதைக்குள்ளும் வர முடிவதில்லை.

சென்னையின் தெற்குப் புறநகரான ஊரப்பாக்கம் போன்ற ஓர் ஊரின் வாழ்க்கை இந்தச் சட்டகத்தில் அடங்காது. செங்கல்பட்டு மின்சார ரயிலிலும் ஜிஎஸ்டி சாலையிலும் வேலைக்குப் போகிறவர்கள், மறைமலை நகர் ஆலைகளின் ஒப்பந்தத் தொழிலாளர்கள், அடுக்ககத்துக்கு மாதத் தவணை கட்டுபவர்கள் எல்லாம் சாதி, மதம் கடந்து ஒரே பெட்டியில், ஒரே ரேஷன் வரிசையில் நிற்கிறார்கள். மறைமலை நகர் ஃபோர்டு ஆலை 2022இல் உற்பத்தியை நிறுத்தியபோது வேலையிழப்பு எந்தப் பங்காளிச் சண்டையையும்விடப் பெரிதாகப் பல வீடுகளைப் புரட்டியது. தொடர்கள் சொல்லியிருக்க வேண்டிய கதை அது.

நாள் முழுக்க உழைத்துவிட்டு வருபவர்கள் பளபளப்பைத்தானே விரும்புகிறார்கள் என்பார்கள். ஆனால், ஐந்து பெண்களைக் கட்டிக்கொடுக்கத் திணறும் அப்பாவின் கதையான ‘மெட்டி ஒலி’யை (2002-05) தமிழ்நாடே பார்த்தது, ‘சிறகடிக்க ஆசை’யில் கார் ஓட்டும் முத்துவும் அவர் மனைவி மீனாவும் இன்று விரும்பிப் பார்க்கப்படுகிறார்கள். சாதியையும் மதத்தையும் தொட்டால் சர்ச்சை வரும் என்ற அச்சத்தில் நியாயம் உண்டு. விளம்பரத்தை நம்பி ஓடும் சேனல் அதை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. ஆனால், நான்கு பேர் சேர்ந்து வேலை பார்க்கும் இடத்தில் ஒரு பாத்திமாவோ ஸ்டெல்லாவோ தன் சம்பளத்துக்காகவும் பிள்ளையின் படிப்புக்காகவும் போராடுவதில் என்ன சர்ச்சை இருக்கிறது?

ஆகவே, பெயரளவுக்கு ஒரு சிறுபான்மைப் பாத்திரத்தைச் சேர்ப்பது தீர்வாகாது. கதை நடக்கும் இடம் மாற வேண்டும். ஆலை, மருத்துவமனை, சந்தை, பள்ளி என்று கதை வெளியே வந்தால், பணம் எப்படிச் சேர்கிறது என்பதும் தெரியும்; அதைச் சேர்ப்பவர்கள் யார் யார் என்பதும் தெரியும். தினமும் மாலையில் நம் கூடத்துக்கு வருகிற ஒரு கலையிடம் இதைக் கேட்க நமக்கு உரிமை இருக்கிறது.