பள்ளிக்கூடம் என்றாலே மயங்கி விழுந்த பையன்



ஆசிரியர் பயிற்சியில் 'நனவிலி மனம்' என்பதை நாங்கள் தேர்வுக்காக மனப்பாடம் செய்தோம். அது உண்மையில் என்னவென்று எனக்குப் புரியவைத்தது, சுவிட்சர்லாந்து உளவியலாளர் கார்ல் யுங்கின் தன்வரலாற்றில் வரும் ஒரே ஒரு நிகழ்ச்சி.

1887ஆம் வருடம். யுங்குக்கு 12ஆவது வயது நடக்கிறது. பாசல் நகரில் ஒரு பையன் தள்ளிவிட்டதில் தெருவோரக் கல்லில் தலை மோதுகிறது. அந்த நொடியிலேயே, 'இனிப் பள்ளிக்கூடம் போக வேண்டாம்' என்று மனசுக்குள் ஓர் எண்ணம். அதற்குப்பின் பள்ளிக்கு அனுப்பினாலும் மயக்கம், வீட்டுப்பாடம் என்றாலும் மயக்கம். ஆறு மாதத்துக்கு மேல் வீட்டில்தான். வலிப்பாக இருக்கலாம் என்றார் ஒரு டாக்டர்.

அப்பா வசதியில்லாத பாதிரியார். "இருந்த கொஞ்சப் பணமும் போய்விட்டது, இவன் எப்படிப் பிழைப்பான்?" என்று அவர் நண்பரிடம் வருந்தியது பையன் காதில் விழுகிறது. உடனே போய் லத்தீன் இலக்கணத்தை எடுத்து உட்காருகிறான். பத்து நிமிடத்தில் மயக்கம். தெளிந்ததும் மறுபடி படிக்கிறான். இன்னொரு மயக்கம். மூன்றாவதும் வந்தது, பையன் புத்தகத்தை மூடவில்லை. சில வாரங்களில் பள்ளிக்குத் திரும்பிவிட்டான்.

அவன் நடித்தானா? இல்லை, உடம்பு நிஜமாகவே மயங்கியது. அப்படியானால் நோயா? எல்லாம் தன் மனசே செய்த ஏற்பாடு என்று அவனுக்கே பிறகுதான் தெரிந்தது. நனவிலி என்பது இதுதான்.

இன்று உங்களில் பலர் பெற்றோர். வேன் வரும் நேரத்தில் மட்டும் பிள்ளைக்கு வயிறு வலித்தால் முதலில் டாக்டரிடம் காட்டுங்கள். அங்கே ஒன்றும் இல்லையென்றால் "நடிக்காதே" என்று அதட்டாதீர்கள். அதற்கு வலிப்பது உண்மை. பள்ளியில் எது பயமுறுத்துகிறது என்று நிதானமாகக் கேளுங்கள். யுங்குக்குக் கணக்கு வகுப்பு அப்படி இருந்தது. சிலர், 'அப்பா பேச்சுதானே குணமாக்கியது, நாமும் நாலு வார்த்தை சொல்லிவைப்போம்' என்பார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அப்பா அதை மகனிடம் சொல்லவே இல்லை. பையன் தானாகத்தான் எழுந்து போனான்.

ஒன்று சொல்ல வேண்டும். 80 வயது தாண்டியவரின் நினைவுகள் இவை. இளமைப் பகுதியை அவரே எழுதினார். மற்றதில் பெரும்பகுதி அவர் சொல்லச் சொல்ல அனியேலா யாஃபே என்ற அம்மையார் தொகுத்தது. 1961இல் யுங் இறந்தபின்தான் புத்தகம் வெளிவந்தது. ஆகவே வரலாற்று நூல் போல வரிக்கு வரி நம்பிப் படிக்க வேண்டியதில்லை. படிக்க நினைப்பவர்கள் இளமை அத்தியாயங்களிலிருந்து தொடங்குங்கள். கனவும் காட்சியுமாக வரும் பக்கங்கள் பிடிபடவில்லையென்றால் தாராளமாகத் தாண்டிப் போகலாம். முதல் வாசிப்பில் நானும் தாண்டித்தான் போனேன்.