நூலுக்குப் பூட்டு தேவையா?

நல்ல நூல் நல்ல தோழி என்று காலைக் கூட்டத்தில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம். ஆனால் வீட்டுக்கு வரும் தோழியைத் தாய் அப்படியே உள்ளே விட்டுவிடுவதில்லை. யார் வீட்டுப் பெண், எந்தத் தெரு, அப்பாவுக்கு என்ன வேலை என்று நான்கு கேள்வி கேட்ட பிறகுதான் காபி வரும். நூல் என்னும் தோழிக்கும் இந்த விசாரணை உண்டு. சில நூல்கள் கேள்விகளைக் கடந்து உள்ளே வந்துவிடுகின்றன. சில நூல்கள் வாசலோடு திருப்பி அனுப்பப்படுகின்றன. ஏன் அனுப்பப்பட்டன என்பது மட்டும் வீட்டுப் பெண்ணுக்குச் சொல்லப்படுவதில்லை.

இதைப் பற்றி எழுத வேண்டும் என்று எங்கள் வகுப்பினருக்குத் தோன்றியதற்கு ஒரு நூலே காரணம். ஆன் பிராங்க் என்ற யூதச் சிறுமியின் நாட்குறிப்பு அது. எங்கள் நூலகத்தில் அதன் ஆங்கிலப் படி ஒன்று நெடுங்காலமாக இருக்கிறது. அதில் இரண்டு தாள்கள் கோந்து தடவி ஒட்டப்பட்டிருக்கின்றன. யார் ஒட்டினார்கள், எந்த ஆண்டில் ஒட்டினார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை. உண்மையைச் சொல்லிவிடுகிறோம். அந்நூலை எடுத்துச் சென்ற நாங்கள் அனைவரும் முதலில் அந்தத் தாள்களைத்தான் ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தோம். மற்றப் பக்கங்களைப் பிறகுதான் படித்தோம். சிலர் மற்றப் பக்கங்களைப் படிக்கவே இல்லை.

ஆன் பிராங்க் 1929-ஆம் ஆண்டு பிறந்தவள். 1942-ஆம் ஆண்டு ஜூன் 12-ஆம் நாள், தன் பதின்மூன்றாம் பிறந்த நாளில், அவளுக்கு ஒரு நாட்குறிப்பேடு பரிசாகக் கிடைத்தது. அடுத்த மாதமே, ஹிட்லரின் ஆட்களுக்கு அஞ்சி, ஆம்ஸ்டர்டாம் நகரில் ஒரு கட்டடத்தின் மறைவிடத்தில் அவள் குடும்பம் ஒளிந்துகொண்டது. ஈராண்டுகளுக்கு மேல் வெளியே கால் வைக்காமல் அங்கேயிருந்து எழுதினாள். 1944-ஆம் ஆண்டு ஆகஸ்டில் பிடிபட்டாள். 1945-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பெர்கன்-பெல்சன் முகாமில் இறந்தாள். அப்போது அவளுக்கு வயது பதினைந்து. எங்களில் பலருக்கும் இப்போது அதே வயது.

இப்படிப்பட்ட நூலையும் இளைஞர்க்கு ஆகாது என்றவர்கள் உண்டு. 1983-ஆம் ஆண்டு அமெரிக்காவின் அலபாமா மாநிலப் பாடநூல் குழுவில் நால்வர், இது மனத்தைச் சோர்வடையச் செய்யும் நூல், ஆகையால் விலக்க வேண்டும் என்றனர். மகளின் குறிப்புகளை 1947-ஆம் ஆண்டு வெளியிட்டபோது தந்தை ஓட்டோ பிராங்க், தாயைப் பற்றிய கடுமையான வரிகள் சிலவற்றையும் உடலைப் பற்றிய குறிப்புகள் சிலவற்றையும் விட்டுவிட்டார். பிற்காலத்தில் அவற்றைச் சேர்த்து முழுமைப் பதிப்பு வந்தது. அந்தப் பதிப்பைப் பற்றி வர்ஜீனியா மாநிலத்தில் ஒரு பெற்றோர் முறையிட, பள்ளி நிர்வாகம் அதை வகுப்பில் பயன்படுத்துவதை நிறுத்தியதாக 2010-ஆம் ஆண்டு செய்தி வெளிவந்தது. ஒருவருக்கு அவள் துயரம் மிகுதி. இன்னொருவருக்கு அவள் உண்மை மிகுதி.

பெரியவர்கள் ஏன் நூல்களைக் கண்டு அஞ்சுகிறார்கள்? எங்கள் சிற்றறிவுக்கு எட்டிய வரையில் ஆராய்ந்து பார்த்தோம்.

முதலாவது, விசுவாசம் குலைந்துவிடுமோ என்ற அச்சம். இதில் நம் திருச்சபையின் வரலாற்றையே எடுத்துக்கொள்வோம். பிறர் வீட்டுக் குறையைப் பேசுமுன் நம் வீட்டைப் பார்ப்பதுதானே முறை! திருத்தந்தை நான்காம் பவுல் காலத்தில், 1559-ஆம் ஆண்டு, விலக்கப்பட்ட நூல்களின் பட்டியல் ஒன்றை ரோமாபுரி வெளியிட்டது. பூமி சூரியனைச் சுற்றுகிறது என்ற கருத்தைப் பேசிய கலிலியோவின் நூல் அப்பட்டியலில் ஏறியது. விக்டர் ஹியூகோவின் புகழ் பெற்ற நாவலும் 1864-ஆம் ஆண்டு ஏறியது. யோகி சுத்தானந்த பாரதியார் ‘ஏழை படும் பாடு’ என்று தமிழாக்கித் தந்தாரே, அதே கதைதான். 1950-ஆம் ஆண்டு அது தமிழில் திரைப்படமாகவும் வந்தது. எங்கள் பாட்டிமார் பார்த்து அழுதிருக்கிறார்கள். அக்கதையில் எல்லோரையும்விடக் கருணையுள்ளவர் யார்? வெள்ளிப் பாத்திரங்களைத் திருடியவனைக் காட்டிக்கொடுக்காமல், வெள்ளி விளக்குத் தண்டுகளையும் சேர்த்துக் கொடுத்து அனுப்பும் ஆயர்! அந்த ஆயரைப் படைத்த நூல் 1959-ஆம் ஆண்டு வரை விலக்கப்பட்டிருந்தது. ஆனால் ஒன்றை நன்றியோடு நினைக்கிறோம். திருத்தந்தை ஆறாம் பவுல் காலத்தில், 1966-ஆம் ஆண்டு, அப்பட்டியலின் சட்ட வலிமையே நீக்கப்பட்டது. நானூறு ஆண்டுப் பூட்டைத் திருச்சபை தானே திறந்தது. அதனால் நம் விசுவாசம் அழிந்துவிடவில்லை.

இரண்டாவது, பிள்ளைகள் மனம் புண்படுமோ என்ற அச்சம். ஹார்ப்பர் லீ என்ற அமெரிக்க எழுத்தாளர் 1960-ஆம் ஆண்டு எழுதிய ‘டு கில் எ மாக்கிங் பேர்டு’ என்னும் நாவல், குற்றமற்ற ஒரு கறுப்பு இனத்தவருக்காக வழக்காடும் வெள்ளை வழக்கறிஞரின் கதை. 1966-ஆம் ஆண்டு வர்ஜீனியாவில் ஒரு பள்ளிக் குழு, இது ஒழுக்கக் கேடான நூல் என்று விலக்கியது. அந்த அம்மையார் செய்தித்தாளுக்கு ஒரு கடிதம் எழுதி, அக்குழுவினரை முதல் வகுப்பில் சேர்ப்பதற்கென்று சிறு தொகையும் வைத்து அனுப்பினாராம்! ஆயினும் 2017-ஆம் ஆண்டு மிஸிஸிப்பி மாநிலத்தில் பிலாக்ஸி என்ற ஊரில் அதே நூல் எட்டாம் வகுப்புப் பாடத்திலிருந்து எடுக்கப்பட்டபோது காரணம் வேறு. கறுப்பு இனத்தவரை இழிக்கும் சொல் அதில் வருகிறது, அது படிப்போரைச் சங்கடப்படுத்துகிறது என்றனர். இதைச் சிரித்துத் தள்ளிவிட எங்களுக்கு மனம் வரவில்லை. நம் ஊரிலும் சாதிப் பெயரைச் சொல்லி வைவதுண்டு. அப்படிப்பட்ட ஒரு சொல்லை வகுப்பில் உரக்க வாசிக்கையில் தலை குனியும் தோழி எங்கள் நடுவிலும் இருக்கக்கூடும். ஆனால் அந்தச் சொல் நூலிலிருந்து போய்விட்டால் தெருவிலிருந்தும் போய்விடுமா? தெருவில் அதைச் சொல்பவர் விளக்கம் தருவதில்லை. வகுப்பில் ஆசிரியை விளக்கம் தருவார்.

மூன்றாவது, ஆட்சியிலிருப்போரின் அச்சம். பாரதியார் மறைந்து ஏழு ஆண்டுகளுக்குப் பின்னர், 1928-ஆம் ஆண்டு, ஆங்கிலேய ஆட்சியிலிருந்த சென்னை மாகாண அரசு அவருடைய பாடல் நூல்களைத் தடை செய்தது. சட்டசபையில் சத்தியமூர்த்தி எழுந்து அதைக் கண்டித்தார். இன்று அதே பாடல்களைப் பாடி நாங்கள் பரிசு வாங்குகிறோம். 1931-ஆம் ஆண்டு சீனாவின் ஹூனான் மாகாணத்தில் ‘ஆலிஸின் அற்புத உலகம்’ என்னும் சிறுவர் கதை தடை செய்யப்பட்டது. விலங்குகள் மனிதரைப் போல் பேசுவது மனிதருக்கு இழிவு என்று அதிகாரி கருதினாராம். அவர் கையில் பஞ்சதந்திரம் கிடைத்திருந்தால் என்ன பாடுபட்டிருக்குமோ!

இவற்றையெல்லாம் பார்க்கும்போது ஒன்று விளங்குகிறது. நூலை விலக்குவதற்குச் சொல்லப்படும் காரணம் காலத்துக்குக் காலம் மாறுகிறது. விலக்குகிறவரின் அச்சம் மட்டும் மாறுவதில்லை. அச்சத்தை அளவுகோலாகக் கொண்டால் எந்த நூலும் தப்பாது. காயின் தன் தம்பியைக் கொன்றதும், தாவீது அரசர் பிறன் மனைவியைக் கவர்ந்ததும் திருவிவிலியத்தில் இல்லையா? 2023-ஆம் ஆண்டு அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் ஒரு கல்வி மாவட்டம், ஒருவர் முறையிட்டதன் பேரில், சிறு வகுப்புகளும் நடுநிலை வகுப்புகளும் உள்ள பள்ளி நூலகங்களிலிருந்து விவிலியத்தையே எடுத்துவிட்டது! அடுத்த சில வாரங்களில் எதிர்ப்பு எழவே, மீண்டும் வைத்தது. பிறர் நூலை வெளியேற்ற நாம் செய்துகொண்ட வாசல் வழியாக நம் நூலும் வெளியேறக்கூடும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

அப்படியானால் எல்லா நூலையும் எல்லோர் கையிலும் கொடுத்துவிட வேண்டும் என்கிறோமா? இல்லை. நான்காம் வகுப்புத் தங்கைக்கு எந்த நூல் வேண்டாம் என்று எங்களுக்கே தெரியும். பணத்துக்காக எழுதப்படும் கீழ்த்தரமான ஏடுகளுக்காக நாங்கள் வாதாடவில்லை. பச்சைக் குழந்தைக்குப் பருப்புச் சாதம் பிசைந்து ஊட்டுவதும் வளர்ந்த பிள்ளைக்குக் காரக் குழம்பு ஊற்றுவதும் தாய் அறிந்ததே. நியூயார்க் மாநிலத்தில் ஒரு பள்ளிக் குழு 1976-ஆம் ஆண்டு ஒன்பது நூல்களை நூலகத்திலிருந்து எடுத்தபோது, ஸ்டீவன் பிக்கோ என்ற மாணவரும் அவருடைய தோழர்களும் வழக்குத் தொடுத்தனர். 1982-ஆம் ஆண்டு அமெரிக்க உச்ச நீதிமன்றத் தீர்ப்பில் நீதிபதி பிரென்னன், பள்ளி நூலகத்திலுள்ள ஒரு நூலை அதன் கருத்து பிடிக்கவில்லை என்பதற்காக மட்டும் எடுத்துவிட முடியாது என்று எழுதினார். கல்விக்குப் பொருந்தாத நூலை எடுப்பது வேறு, கருத்துப் பிடிக்காத நூலை எடுப்பது வேறு என்பதே அதன் பொருள். விசாரிப்பது பெரியவர்களின் உரிமை. விசாரிக்காமலே கதவைச் சாத்துவது உரிமையாகாது.

இனி, அந்த ஒட்டிய தாள்களுக்கு வருவோம். ஆவியில் காட்டினால் பிரிந்துவிடும் என்று ஒருத்தி சொன்னாள். கைபேசியில் தேடினால் அரை நிமிடத்தில் கிடைத்துவிடும் என்றாள் இன்னொருத்தி. இரண்டும் உண்மையே. ஆனால் திருட்டுத்தனமாகப் படிக்க எங்களுக்கு விருப்பமில்லை. நால்வர் துணிந்து நூலகப் பொறுப்பிலுள்ள சகோதரியிடம் நூலை எடுத்துக்கொண்டு போனோம். திட்டு விழும் என்றே எதிர்பார்த்தோம். சகோதரி அந்தத் தாள்களைத் தடவிப் பார்த்துவிட்டு, “இதை நானும் படித்ததில்லையே!” என்றார். அடுத்த வாரம் வேறொரு படியை வரவழைத்து முதலில் தாம் படித்தார். பின்னர் மதிய இடைவேளையில் எங்களை உட்கார வைத்து அந்தப் பக்கங்களை வாசித்தார்.

அதில் என்ன இருந்தது? தன் உடல் வளர்வதைக் கண்டு ஒரு சிறுமி அடைந்த வியப்பு இருந்தது. எட்டாம் வகுப்பு அறிவியலில் வளரிளம் பருவம் பற்றி நாங்கள் படித்து மதிப்பெண் வாங்கியதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை. ஆனால் அதற்கு முன்னால் இன்னொன்றும் இருந்தது. தன் தாய் தன்னைப் புரிந்துகொள்ளவில்லை, தாயிடம் மனம் திறந்து பேச முடியவில்லை என்று அவள் வருந்தியிருந்தாள். வாசித்த சகோதரி சற்று நேரம் பேசவில்லை. நாங்களும் பேசவில்லை. பிறகு ஒருத்தி ஒரு கேள்வி கேட்டாள். அதற்குச் சகோதரி விடை சொன்னார். மணி அடிக்கும் வரையில் கேள்விகள் வந்துகொண்டே இருந்தன. பல மாதங்களாக யாரிடம் கேட்பது என்று தெரியாமல் வைத்திருந்த கேள்விகள் அவை.

கோந்து தடவியவர் எங்கள் நன்மைக்காகவே தடவினார் என்பதில் எங்களுக்கு ஐயமில்லை. ஆனால் அவர் ஒட்டியது தீமையை அன்று. தாயிடம் பேச ஏங்கிய ஒரு பெண்ணின் குரலை ஒட்டிவிட்டார். பேசுவதற்குப் பதிலாகப் பூட்டினால் இப்படித்தான் ஆகிறது. பூட்டு ஆசையைத் தூண்டுகிறது, கேள்விக்கு விடை தருவதில்லை. எல்லாவற்றையும் சோதித்து நல்லதை வைத்துக்கொள்ளச் சொன்னவர் புனித பவுல் அன்றோ? சோதிக்கக் கற்றுத் தருவதற்குத்தானே பள்ளியும் பெற்றோரும்!

ஆகவே எங்கள் பெற்றோருக்கும் சகோதரியருக்கும் மூன்று விண்ணப்பங்கள். ஒரு நூலை வேண்டாம் என்று சொல்லுமுன் அதை நீங்கள் முழுமையாகப் படியுங்கள். வேண்டாம் என்று முடிவு செய்தால், ஏன் என்பதை எங்களுக்குச் சொல்லுங்கள். இன்னும் ஓராண்டு பொறு என்றால் பொறுப்போம், காரணம் தெரியாமல் பொறுப்பதுதான் கடினம். கடினமான நூலைக் கொடுக்கும்போது எங்களுடன் நீங்களும் உட்காருங்கள். எங்கள் பங்குக்கு, எதையும் தலையணைக்கடியில் மறைத்துப் படிக்கமாட்டோம் என்று உறுதி கூறுகிறோம்.

அந்தப் பழைய படியின் தாள்களை நாங்கள் பிரிக்கவில்லை. பிரித்தால் எழுத்தும் சேர்ந்து கிழிந்துவிடும். அதன் பக்கத்திலேயே புதிய படி இருக்கிறது. வருகிற ஆண்டு பத்தாம் வகுப்புக்கு வரும் தங்கையரே, புதியதை எடுத்துப் படியுங்கள். கேள்வி எழுந்தால் சகோதரியிடம் கேளுங்கள். பெற்றோரே, சகோதரியரே, வாசலில் நிற்கும் தோழியை நன்றாக விசாரியுங்கள். விசாரித்த பின் கூடத்தில் உட்கார வையுங்கள். எங்கள் பக்கத்தில் நீங்களும் சற்று உட்காருங்கள்.