விமானப் பெட்டி யாருக்கு?

பிளாஸ்டிக் விமான மாடல் பெட்டி ஒன்று வேண்டும் என்று ஒரு பெண் கடையில் போய்க் கேட்டால், "யாருக்கும்மா, தம்பிக்கா?" என்ற கேள்வி வராமல் இருப்பதில்லை. நாங்கள் நால்வரும் வெவ்வேறு நாட்களில், வெவ்வேறு கடைகளில் இதே கேள்விக்குப் பதில் சொல்லியிருக்கிறோம். கேட்பவர் மனத்தில் கெட்ட எண்ணம் ஏதும் இல்லை. பொம்மை அலமாரியில் இந்தப் பக்கம் சமையல் சாமான், அந்தப் பக்கம் விமானம் என்று யாரோ எப்போதோ அடுக்கி வைத்தார்கள். அவர் அதன்படியே கேட்கிறார். ஆனால் அந்த அடுக்கு தவறு என்பது எங்கள் கருத்து. அதை இந்த ஆண்டு மலரில் சொல்லிவிட வேண்டும் என்று எண்ணுகிறோம்.

மாடல் கிட் என்பதைப் பார்த்திராத தோழியருக்காக ஒரு வார்த்தை. இது சாவி கொடுத்தால் ஓடும் பொம்மை அன்று, பறக்கவும் பறக்காது. உருக்கிய பிளாஸ்டிக்கை எஃகு அச்சுக்குள் அழுத்திச் செலுத்தி, உண்மை விமானத்தின் இறக்கை, வால், சக்கரம், விமானியின் நாற்காலி எல்லாவற்றையும் தனித்தனித் துண்டுகளாக வார்த்திருப்பார்கள். துண்டுகள் ஒரு சட்டத்தில் காய்த்துத் தொங்குவது போல ஒட்டிக்கொண்டிருக்கும். வெட்டி எடுத்து, தேய்த்து, ஒட்டி, வண்ணம் பூசி விமானமாக்குவது நம் பொறுப்பு. பெரும்பாலான சிறு மாடல்கள் உண்மை விமானத்தில் 72-ல் ஒரு பங்கு. 72 என்ற எண் விந்தையாகத் தோன்றலாம். 6 அடிக்கு 1 அங்குலம் என்று கணக்கிட்டால் விளங்கிவிடும். ஆறடி மனிதர் அதில் ஒரு அங்குல உயரம் நிற்பார்.

இங்கிலாந்தில் 1936-லேயே ஃபிராக் பெங்குவின் என்ற பெயரில் இத்தகைய பெட்டிகள் விற்பனைக்கு வந்தன. ஏர்ஃபிக்ஸ் நிறுவனம் தன் முதல் ஸ்பிட்ஃபயர் விமானப் பெட்டியை 1953-ல் வெளியிட்டது. இடையில் நடந்த ஒன்றுதான் எங்களுக்கு மிகப் பிடித்தது. 1942-ல் அமெரிக்கக் கடற்படை, எது நம் விமானம், எது பகை விமானம் என்று வீரர்கள் பார்த்தவுடன் அறிந்துகொள்வதற்காக, இதே 72-ல் ஒரு பங்கு அளவில் 5 லட்சம் மர மாடல்களைச் செய்து தரும்படி பள்ளிகளைக் கேட்டுக்கொண்டது. மாணவரும் மாணவியரும் மரத்தைச் செதுக்கிச் செய்து அனுப்பினார்கள். அங்கே யாரும் "தம்பிக்கா?" என்று கேட்டிருக்க மாட்டார்கள் அல்லவா!

சரி, பெட்டியைத் திறப்போம். மேலே அட்டையில் மேகத்தைக் கிழித்துக்கொண்டு பாயும் விமானம். உள்ளே வெளிறிய சாம்பல் நிறத்தில் சீப்புப் பற்களைப் போன்ற துண்டுகள். முதல் ஏமாற்றம் அங்கேயே தொடங்கிவிடுகிறது. அட்டைப் படத்தையே வீட்டில் மாட்டிவிட்டுத் துண்டுகளைத் திரும்ப மூடி வைத்தவர்களும் உண்டு என்று கேள்வி. அவர்கள்மேல் எங்களுக்குக் கோபம் வரவில்லை.

துண்டுகளை வெட்டுவதற்கு நகவெட்டி போதும். வெட்டிய இடத்தில் நிற்கும் பிசிரை நகம் தேய்க்கும் அட்டையாலும் உப்புத்தாளாலும் நீக்கலாம். ஆக, இந்த வேலைக்கான ஆயுதங்களில் பாதி ஏற்கெனவே நம் வீட்டு அலமாரியில்தான் இருக்கின்றன. ஆனால் சில துண்டுகள் அரிசியில் பாதிகூட இரா. இறக்கை நுனியிலோ மூக்கிலோ நீட்டிக்கொண்டிருக்கும் வேகமானிக் குழாய் ஒரு மயிரிழை. இடுக்கியிலிருந்து அது ஒருமுறை தெறித்துவிட்டால் துடைப்பம், விளக்கு, காந்தம் எதுவும் உதவாது (காந்தத்துக்குப் பிளாஸ்டிக்கைப் பற்றி என்ன கவலை?). காணாமற்போன பொருளுக்குப் பாதுகாவலரான பதுவைப் புனித அந்தோணியாரிடம்தான் போக வேண்டும். சாவிக்கொத்துக்கும் பேனாவுக்கும் பழகிய அவர், மூன்று மில்லிமீட்டர் குழாய்க்காக ஜெபிக்கும் எங்களைப் பார்த்து என்ன நினைத்திருப்பாரோ!

அடுத்தது பசை. இந்தப் பசை காகிதப் பசையைப் போல நடுவில் நின்று இரண்டு பக்கத்தையும் பிடிப்பதில்லை. பிளாஸ்டிக்கையே சிறிது கரைத்து, இரண்டு துண்டையும் ஒன்றாக உருக்கிவிடுகிறது. அதனால்தான் ஒட்டு வலுவாக இருக்கிறது. அதனால்தான் ஒரு சொட்டு அதிகமானால் விமானத்தின் தோலில் விரல்ரேகை நிரந்தரமாகப் பதிகிறது. சன்னலைத் திறந்து வைத்துக்கொண்டுதான் வேலை செய்ய வேண்டும். அதன் ஆவி நல்லதன்று. சூப்பர் பசையோ இன்னொரு வகையில் பகைவன். விமானி அறையின் கண்ணாடி மூடியை அதனால் ஒட்டினால், அதிலிருந்து எழும் ஆவி கண்ணாடியில் வெண்பனியாகப் படிந்துவிடும். இரண்டு வாரம் உழைத்து உள்ளே வைத்த நாற்காலியும் விமானியும் மூடுபனிக்குள் மறைந்துபோவார்கள். மரவேலைக்குப் பயன்படும் வெள்ளைப் பசை இதற்கு உகந்தது. காய்ந்தபின் அது தெளிவாகிவிடும்.

இறக்கையும் உடலும் சேரும் இடத்தில் ஓர் இடைவெளி தலைகாட்டாத பெட்டி அரிது. அதற்குத் தச்சரும் பெயின்டரும் செய்வதைப் போலப் பட்டி பார்த்து, உலரவிட்டு, தேய்த்து, மறுபடி பட்டி பார்க்க வேண்டும். 'உலரவிட்டு' என்று எழுதுவது எளிது. கடலுக்கு இத்தனை அருகில் இருக்கும் நம் சிறுசேரிக் காற்றில், ஐப்பசி மழையில், எனாமல் பெயின்ட் உலர்வதற்குள் அரைப் பரீட்சையே வந்துவிடும். கையை வைத்துப் பார்க்காமல் பொறுத்திருப்பதுதான் இந்தக் கலையில் மிகக் கடினமான பயிற்சி என்பதில் எங்களுக்குள் கருத்து வேறுபாடு இல்லை.

சின்னங்களை ஒட்டுவது கடைசி வேலை. அச்சிட்ட தாளை வெதுவெதுப்பான நீரில் சிறிது நேரம் நனைத்தால் படம் மட்டும் நழுவி வரும். பாலாடையைக் கிழிக்காமல் எடுத்து வேறொரு கிண்ணத்தில் விரிக்க முடிந்தவளுக்கு இது கைவரும். மற்றவர்களுக்கு அது சுருண்டு, தன்மேல் தானே ஒட்டிக்கொள்ளும்.

இத்தனை தொல்லை எதற்கு என்று கேட்கலாம். எங்களுக்குக் கிடைக்கும் இன்பம் முடிந்த மாடலைப் பார்ப்பதில் மட்டும் இல்லை. எது முன், எது பின் என்று யோசிப்பதில் இருக்கிறது. உடலின் இரு பாதிகளையும் மூடுவதற்கு முன்பே விமானி அறைக்கு வண்ணம் பூசிவிட வேண்டும். மூக்கின்கீழ் சக்கரம் உள்ள விமானமானால், மூக்கினுள் எடை வைக்காவிட்டால் பின்பக்கம் குந்திவிடும். அந்த எடையையும் மூடுவதற்கு முன்பே வைத்தாக வேண்டும். கோவளத்தில் வலையில் கோக்கும் சிறு ஈயக் குண்டு இதற்கு அளவெடுத்துச் செய்ததுபோல் அமைகிறது. (ஈயத்தைத் தொட்டபின் கை கழுவ மறக்க வேண்டாம்.) எடை ஏன் முன்னால் வேண்டும் என்ற கேள்வியிலிருந்து ஈர்ப்பு மையம் என்ற பாடத்துக்கு இரண்டே எட்டு. இயற்பியல் புத்தகத்தில் மனப்பாடம் செய்தது கையில் வந்து உட்காரும் கணம் அது.

இப்போது எங்கள் மேசையில் இருப்பது நாட். 1965, 1971 போர்களில் நம் விமானப் படைக்குப் பெயர் வாங்கித் தந்த சின்னஞ்சிறு போர் விமானம். விமானப் படையில் பரம்வீர் சக்ரா பெற்ற ஒரே வீரரான நிர்மல்ஜித் சிங் செகோன் 1971 டிசம்பர் 14 அன்று ஸ்ரீநகர் வானில் கடைசியாகப் போரிட்டது நாட் விமானத்தில்தான். ஆனால் ஏர்ஃபிக்ஸ் 1964-ல் வார்த்த நாட், பிரிட்டனின் இரண்டு இருக்கைப் பயிற்சி விமானம். ரெட் ஏரோஸ் என்ற சாகசக் குழு 1979 வரை சிவப்பு வண்ணத்தில் ஓட்டியது அதைத்தான். நம்முடையது ஒற்றை இருக்கை. நம்முடையதைவிட அதன் உடல் ஏறத்தாழ 3 அடி நீளம். இறக்கை 2 அடி அகலம்.

இங்கே எங்களுக்குள் ஒரு பெரிய வழக்கு நடந்தது. பெட்டியில் உள்ளபடி கட்டி, நம் காவி, வெள்ளை, பச்சை வட்டத்தைத் தீட்டிவிடலாம், யார் அளந்து பார்க்கப் போகிறார்கள் என்றனர் இருவர். இந்தியா ஒருநாளும் ஓட்டாத விமானத்துக்கு இந்தியச் சின்னம் தீட்டுவது பொய் என்றனர் மற்ற இருவர். மூன்று நாள் பேச்சுவார்த்தை இல்லாமற்கூடப் போனது. முடிவில், உடலில் அரை அங்குலத்தையும் இறக்கையின் இருபுறமும் மொத்தம் மூன்றில் ஒரு அங்குலத்தையும் வெட்டிக் குறைத்து ஒற்றை இருக்கையாக்குவது என்று தீர்ப்பாயிற்று. பொழுதுபோக்குக்கு இவ்வளவு நேர்மை தேவையா என்று சிரிக்கலாம். நேர்மை இல்லாவிட்டால் அது வெறும் பிளாஸ்டிக் என்றே எங்களுக்குத் தோன்றுகிறது.

அந்த வட்டத்தைத் தீட்டத்தான் யார் வேண்டும்? இழை எண்ணித் தைக்கப் பழகிய கை வேண்டும். வாசலில் புள்ளி பிசகாமல் கோலமிடும் கண் வேண்டும். தையல் வகுப்பில் நாம் பயில்வதும் இந்த வேலை கேட்பதும் ஒன்றுதான். அப்படியிருக்க, இது ஆண்பிள்ளை வேலை என்று யார் சொன்னது?

அலமாரியில் ஆண்பிள்ளைகளுக்கென்று நிற்கும் அந்த ஸ்பிட்ஃபயரையே எடுத்துக்கொள்வோம். அதன் மெர்லின் எஞ்சினில் ஒரு பெருங்குறை இருந்தது. விமானம் திடீரென மூக்கைக் கவிழ்த்தால் கார்புரேட்டரில் எரிபொருள் ஒழுங்கு தப்பி, எஞ்சின் திணறும். பகைவனைத் துரத்தும் வேளையில் இப்படித் திணறினால் என்ன ஆகும்? 1941-ல் அதற்கு வழி கண்டவர் பார்ன்பரோ ஆய்வுக்கூடத்துப் பொறியாளர் பீட்ரிஸ் ஷில்லிங் என்ற பெண்மணி. அளந்து துளையிட்ட ஒரு சிறு உலோகத் துண்டு; அவ்வளவே. மோட்டார் சைக்கிள் பந்தயங்களிலும் ஓடியவர் அவர்! அந்தப் போரில் புது விமானங்களைத் தொழிற்சாலையிலிருந்து படைத்தளங்களுக்கு ஓட்டிச் சென்று சேர்த்தவர்களில் நூற்றுக்கும் மேற்பட்ட பெண்கள் இருந்தனர். பெட்டியின் அட்டையில் இவர்கள் படம் இல்லை.

நம் ஊர்ப்பக்கம் வானத்துக்குப் புதியதும் அன்று. 1910-ல் டி ஏஞ்சலிஸ் என்ற ஓட்டல் முதலாளி, சிம்ப்சன் கம்பெனியில் செய்வித்த விமானத்தைப் பல்லாவரத்தில் பறக்கவிட்டார். பறக்கக் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கே பயிற்சி தரும் விமானப் படைப் பள்ளி தாம்பரத்தில் இருக்கிறது. குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் காட்சிக்கு நின்ற இரண்டு பழைய விமானங்கள் மாணவர் அப்துல் கலாமை எப்படி ஈர்த்தன என்று அவர் தம் வரலாற்றில் எழுதியிருக்கிறார். உஷா சுந்தரம் அவர்கள் 1951-ல் சென்னை அரசுக்கான விமானத்தைத் தம் கணவருடன் இங்கிலாந்திலிருந்து ஓட்டி வந்தார். ஆனால் விமானப் படையில் ஒரு பெண், ஹரிதா கவுர் தியோல், தனியே பறக்க 1994 ஆக வேண்டியிருந்தது. போர் விமானப் பிரிவில் மூன்று பெண்கள் சேர 2016 ஆக வேண்டியிருந்தது. பார்க்க வாய்ப்பிருந்தால் போதாது, தொட வாய்ப்பு வேண்டும் என்று இதனால்தான் சொல்கிறோம்.

மறுப்புகள் இல்லாமல் இல்லை. சமாதானத்துக்காக ஜெபிக்கும் பள்ளியில் போர் விமானம் எதற்கு என்று அருட்சகோதரி ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. இதை நாங்கள் எளிதாக ஒதுக்கவில்லை. குண்டுகளையும் ஏவுகணைகளையும் ஒட்டாமல் விடலாம். பயணிகள் விமானங்களும் பயிற்சி விமானங்களும் பெட்டியில் கிடைக்கின்றன. முதல் தேர்வு அவையாக இருக்கலாம் என்பதையும் ஏற்கிறோம். ஆயினும் திருத்தந்தை 15-ம் பெனடிக்ட் 1920-ல் லொரேட்டோ மாதாவை விமானிகளின் பாதுகாவலியாக அறிவித்தபோது, முதல் உலகப் போர் முடிந்து இரண்டாண்டுகூட ஆகவில்லை. நாசரேத்துத் திருவீட்டை வானதூதர்கள் வான்வழியே சுமந்து வந்தார்கள் என்பது அத்திருத்தலத்தின் மரபு. வானில் செல்வோர் எல்லாரும் அந்தத் தாயின் காவலில்தான் செல்கிறார்கள்.

விலை பற்றிய மறுப்புக்கு எங்களிடம் அவ்வளவு நல்ல பதில் இல்லை. வெளிநாட்டிலிருந்து வரும் சிறு பெட்டியே பெரும்பாலும் ஆயிரம் ரூபாயைத் தாண்டுகிறது. எல்லார் வீட்டிலும் அது முடியாது. கேட்பதே தவறு என்று எண்ணும் தோழியரும் நம்மிடையே உண்டு. ஆகவே வீட்டில் வாங்கித் தரச் சொல்லி நாங்கள் எழுதவில்லை. நால்வருக்கு ஒரு பெட்டி என்று பள்ளியே வாங்கலாம். கைவேலை அறையில் சன்னலோரமாக உள்ள நீள மேசை வாரத்தில் மூன்று நாள் காலியாகத்தான் கிடக்கிறது. என்.சி.சி. விமானப் பிரிவில் மாடல் விமானம் கட்டுவது பயிற்சியின் ஒரு பகுதியாகவே இருக்கும்போது, நம் அட்டவணையில் அதற்கு ஒரு மணி நேரம் கிடைக்காதா?

டிசம்பர் 10 லொரேட்டோ மாதா திருநாள். அதற்குள் நாட் முடிந்துவிட வேண்டும் என்பது திட்டம். உடலை வெட்டி ஒட்டியாயிற்று. பட்டி இரண்டாம் முறை காய்ந்துகொண்டிருக்கிறது. வெள்ளையும் பச்சையும் தயார். காவி மட்டும் ஒருநாள் ஆரஞ்சாகவும் மறுநாள் செங்கல்லாகவும் வருகிறது. ஓவிய ஆசிரியை ஒரு சிட்டிகை மஞ்சளைக் கூட்டிப் பார்க்கச் சொல்லியிருக்கிறார்.