எடைக்குப் போகும் இசைத்தாள்கள்: ‘நம்முடையதன்று’ என்னும் தீர்ப்பைப் பற்றி

ஹைதராபாத்தில் ஒரு நூலகம், பெயர் இங்குத் தேவையில்லை, சென்ற மாதம் தன் பழைய அடுக்குகளைக் காலி செய்தது. எழுத்துமுறைகள் பற்றிய என் ஆய்வுக்காக அங்குச் சென்றிருந்தேன். வாசலருகே கயிற்றால் கட்டி வைக்கப்பட்டிருந்தவை இருபதாம் நூற்றாண்டு ஐரோப்பிய இசைத்தாள்கள்: வயலினுக்கும் பியானோவுக்கும், புல்லாங்குழலுக்கும் பியானோவுக்கும், செல்லோவுக்கும் பியானோவுக்கும் எழுதப்பட்டவை. பதிவேட்டில் அவை அனைத்தும் ‘இசைப் புத்தகம், பலவகை’ என்னும் ஒரே தலைப்பின் கீழ் இருந்தன. இயற்றியவர் பெயர்கூட இல்லை. ஏன் எடைக்குப் போடுகிறீர்கள் என்று கேட்டேன். அருகிலிருந்த பேராசிரியர் ஒருவர் சொன்ன விடை: “இது நம் இசை அன்று. தவிர, எல்லாம் இணையத்தில் கிடைக்கிறது.”

இவ்விரண்டு வாக்கியங்களையும் மறுக்கவே இப்பதிவு.

‘நம் இசை அன்று’ என்பதை முதலில் எடுத்துக்கொள்வோம். முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் வயலினைக் கற்று அதைக் கருநாடக இசைக்குள் கொண்டுவந்தவர்களுள் முதன்மையானவர். அவருடைய மகள்வயிற்றுப் பேரனும் சுவீகாரப் புதல்வருமான சுப்பராம தீட்சிதர்தாம் 1904இல் எட்டயபுரத்தில் ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’யை வெளியிட்டார். கமகங்களுக்கெனத் தனிக் குறியீடுகளோடு தெலுங்கு எழுத்தில் அச்சான நூல் அது. அதை எழுதுமாறு அவரை இடைவிடாது தூண்டியவர் சின்னசாமி முதலியார். அவரோ 1893இல் நம் கீர்த்தனைகளை ஐரோப்பிய ஐந்துகோட்டுக் குறியீட்டில் அச்சிட்டவர். வயலின் புகுந்த குடும்பத்திலிருந்து நம் மிகப் பெரிய சுரக்குறிப்பு நூல் பிறக்கிறது. ஐந்துகோட்டில் எழுதியவர் அதற்கு உந்துவிசையாகிறார். ‘நம்முடையது’, ‘அவர்களுடையது’ என்னும் கோட்டை இந்த வரலாற்றில் எந்த இடத்தில் கிழிப்பது?

எதிர்த்திசையிலும் போக்குவரத்து இருந்தது. பிரெஞ்சு இசையமைப்பாளர் மொரீஸ் தெலாழ், கோயம்புத்தூர் தாயியின் இசைத்தட்டு ஒன்றை அடிப்படையாகக் கொண்டு குரலுக்கும் பியானோவுக்கும் ‘ராகமாலிகா’ என்னும் படைப்பை எழுதினார். அதில் பியானோவின் ஒரு தந்தியை மழுங்கலாக ஒலிக்கச் செய்யும்படி குறிப்பு உண்டு. தமிழ்நாட்டுப் பாடகி ஒருவரின் குரல் பாரிசின் பியானோத்தாளை மாற்றியமைத்ததற்கான சான்று அது. கட்டப்பட்டிருந்த கட்டுகளில் அத்தகைய தாள் இருந்ததா இல்லையா என்பதை அறிய இனி வழியில்லை. ‘பலவகை’ என்னும் சொல் அந்த வழியை அடைத்துவிட்டது.

மொழியியல் படித்தவர்களும் இங்கு ஒரு பிழை செய்கிறோம். ‘மேலையிசை எழுத்தில் உறைந்தது, நம்முடையது வாய்மொழி மரபு’ என்று கருத்தரங்குதோறும் கேட்கிறோம். எழுத்து மொழியன்று என முதலாண்டு மாணவருக்குக் கற்பிக்கும் நாமே, இசைத்தாள் இசையன்று என்பதை மறந்துவிடுகிறோம். பேலா பார்ட்டோக் ஒலிப்பதிவுக் கருவியுடன் ஊர் ஊராகச் சென்று நாட்டார் பாடல்களைத் திரட்டியவர். ஒரே மெட்டை நுணுக்கமாகவும் எளிமையாகவும் இருவேறு நிலைகளில் எழுதும் சிக்கலை அவர் நன்கறிவார். நாம் நுண் ஒலிபெயர்ப்பு, பரும் ஒலிபெயர்ப்பு என்று பிரிக்கிறோமே, அதே சிக்கல்தான். அவர் 1915இல் பியானோவுக்கு எழுதிய ‘ருமேனிய நாட்டார் நடனங்கள்’ பின்னர் சோல்தான் சேக்கெயின் கைவண்ணத்தில் வயலினுக்கும் பியானோவுக்குமாயிற்று. யோசெஃப் சிகெட்டியுடன் பார்ட்டோக்கே 1930இல் வாசித்த பதிவைத் தாளோடு ஒப்பிட்டுக் கேளுங்கள். கால அளவுகள் நீள்கின்றன, குறுகுகின்றன. எழுதியவரே தாளுக்குள் அடைபட்டிருக்கவில்லை. சுப்பராம தீட்சிதரின் கமகக் குறிகளும் இந்தத் தாள்களும் ஒரே வினாவுக்கான இருவேறு விடைகள்.

இனி இணையம். இணையத்தில் கிடைப்பது பெரும்பாலும் பதிப்பின் படி. யாரோ வைத்து வாசித்த படி அன்று. தனிக்கருவிக்கும் பியானோவுக்குமான வெளியீட்டில் இரண்டு பொருள்கள் உண்டு: பியானோக்காரருக்கான முழுத்தாள், தனிக்கருவியாளருக்கான தனித்தாள். நூலகங்கள் முன்னதைக் கட்டுமானம் செய்து பின்னதைத் தொலைத்துவிடுகின்றன. பவுல் ஹிண்டமித் 1936க்கும் 1955க்கும் இடையே புல்லாங்குழல் முதல் டூபா வரை ஏறத்தாழ ஒவ்வொரு காற்றுக்கருவிக்கும் பியானோவுடன் ஒரு சொனாட்டா எழுதினார். அந்தக் கட்டில் நான் கண்ட புல்லாங்குழல் சொனாட்டாவில் புல்லாங்குழல்தாள் இல்லை. ஆனால் பார்ட்டோக் நடனங்களின் வயலின்தாள் இருந்தது. அதன் ஐந்து கோடுகளுக்குக் கீழே, பென்சிலால், தெலுங்கு எழுத்தில், ச ரி க ம என்று யாரோ எழுதியிருந்தார். வில்லின் மேல்வீச்சுக் குறியும் விரல் எண்ணும் அருகருகே. இந்நகரத்தில் ஒருவர் இரண்டு எழுத்துமுறைகளில் ஒரே இசையைப் படித்திருக்கிறார். இதை எந்த இணையதளம் தரும்?

இத்தாள்கள் பாளையத்தின், கான்வென்ட்டின், மன்றங்களின் எச்சங்கள். அதிகாரத்தின் சின்னங்கள் என்று நண்பர்கள் சொல்வார்கள். ஒப்புக்கொள்கிறேன். கம்பெனிப் பதிவேடுகளும் அத்தகையவைதாம். அவற்றை எரித்துவிட்டா காலனிய வரலாற்றை எழுதுகிறோம்? அதிகாரத்தின் தாளில் உள்ளூர்க்காரரின் பென்சில் விழுந்த இடம் அன்றோ நம் ஆய்வுப்பொருள்?

இடமில்லை என்பது மெய்யான இடர். அதற்குச் சட்டமே வழிவிட்டிருக்கிறது. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, வணிக நோக்கற்ற பொது நூலகம் தன்னிடமுள்ள படியைப் பாதுகாப்புக்காக மின்வடிவில் சேமிக்க இடமளிக்கிறது. இந்தியாவில் விற்பனைக்குக் கிடைக்காத இசைத்தாளுக்கு மூன்று படிகள்வரை எடுக்கவும் இடமளிக்கிறது. இயற்றியவர் இறந்து 60 ஆண்டுகள் கடந்தவை பொதுச்சொத்து: பார்ட்டோக், ஹிண்டமித், தெலாழ் மூவரும் அவ்வெல்லையைக் கடந்துவிட்டனர். 2001இல் மறைந்த சேக்கெயின் தழுவல் இன்னும் கடக்கவில்லை. இந்த வேறுபாட்டை அறியவாவது பதிவேட்டில் பெயர்கள் வேண்டாமா?

கேட்பது பெரிதன்று. ஒவ்வொரு தாளுக்கும் ஐந்து செய்திகள்: இயற்றியவர், தழுவியவர், கருவி, பக்கத்தின் அடியில் பதிப்பகம் இட்ட தகட்டு எண், தனித்தாள் உண்டா இல்லையா. பல தாள்களில் அச்சிட்ட ஆண்டு இராது. தகட்டு எண்ணே காலத்தைக் காட்டும். ஆறாவதாக ஒன்று சேர்ப்பேன்: கையெழுத்துக் குறிப்புகள் உள்ளனவா?

அந்தக் கட்டுகளில் ஒன்றை மட்டும் எழுத்துமூல அனுமதியுடன் மீட்டேன். எஞ்சியவை போய்விட்டன. உங்கள் துறை நூலகத்திலும் ‘பலவகை’ என்று ஓர் அடுக்கு இருக்கும். அடுத்த ஒதுக்கீட்டுப் பட்டியல் கையொப்பத்துக்கு வருமுன் ஒரு முறை சென்று பிரித்துப் பாருங்கள்.