கோப்பை இருக்கட்டும், செலவைப் பங்கிடு!

அமெரிக்காவில் பள்ளி மாணவர்கள் ரோபோ என்னும் யந்திரத்தைத் தாங்களே செய்து, களத்தில் இறக்கிப் போட்டியிடுகிறார்கள். ‘பர்ஸ்ட்’ என்ற அமைப்பு 1992-ல் 28 அணிகளுடன் தொடங்கிய இப்போட்டியில் 2017-ல் 3,000-க்கு மேற்பட்ட அணிகள் இருந்தன. 2017 முதல் 2019 வரை இறுதிப் போட்டியை இரண்டாகப் பிரித்தார்கள். தெற்கும் மேற்கும் ஹூஸ்டனுக்கு; வடக்கும் கிழக்கும் முதலாண்டு செயிண்ட் லூயிக்கு, பிறகு டெட்ராய்ட்டுக்கு. ஒவ்வோரிடத்திலும் சுமார் 400 அணிகள்.

உடனே கிளம்பியது கூச்சல்! “இரண்டு சாம்பியன்களா? உண்மையான சாம்பியன் யார்?” என்றார்கள். அவர்கள் வாயை அடைக்க 2017 ஜூலையில் நியூ ஹாம்ப்ஷயரில் இரு வெற்றியாளர்களையும் மோதவிட்டார்கள். மறு ஆண்டே அந்தப் பழக்கம் நின்றது. 2022 முதல் மீண்டும் ஹூஸ்டனில் ஒரே போட்டி. இடங்களும் குறைந்தன.

ஆலைத் தோழரே, வயல் தோழரே! நமக்கென்ன என்று ஒதுங்காதீர்கள். யந்திரத்தை ஆளும் வித்தை யார் வீட்டுப் பிள்ளைக்கு என்பதே இங்கு வழக்கு.

கோப்பை ஒன்றா, இரண்டா என்பது ஏற்கெனவே களத்துக்குள் நிற்பவனின் கவலை. வாசலில் நிற்பவனுக்கு வேறு கவலை. 2017-ல் ஓர் அணி ஓராண்டுக்குப் பதிவு செய்யவே 5,000 டாலர். அதில் வென்று இறுதிக்குத் தேறினாலோ மேலும் 5,000 டாலர்! வென்றதற்குப் பரிசா, அபராதமா? இதற்குமேல் ரயில், விமானம், ஓட்டல் செலவு வேறு.

“நாட்டை வரைபடம் பார்த்துச் சமமாகப் பிரித்தோம்” என்றது நிர்வாகம். வரைபடத்தில் மலை தெரியும், நதி தெரியும், மடிச்சீலை தெரியுமா? 1965-ல் கலிபோர்னியாவின் டெலானோவில் திராட்சைத் தொழிலாளர்கள் கூலிக்காக வேலைநிறுத்தம் செய்தார்கள். அந்தத் தோட்டங்களிலிருந்து ஹூஸ்டன் 2,000 கிலோமீட்டருக்கு மேல். பெரிய கம்பெனி ஆதரவுள்ள அணிக்கு அது ஒரு பயணம். பழம் பறிப்பவரின் மகளுக்கோ அது மூடிய கதவு!

நியாயமான வழியே இல்லையா? உண்டு. மோட்டார்த் தொழிலாளர் நிறைந்த மிச்சிகனைப் பாருங்கள். 2009-ல் அங்கே மாவட்ட முறை வந்தது. ஒரே கட்டணத்தில், அருகிலேயே இரண்டு போட்டிகள். பிறகு மாகாணப் போட்டி. மாகாண சர்க்காரும் அணிகளுக்குப் பொதுப்பணத்திலிருந்து மானியம் தந்தது. விளைவு? அங்கே அணிகள் 500-ஐத் தாண்டின. வேறெந்த அமெரிக்க மாகாணத்திலும் இத்தனை இல்லை. பொதுப்பணம் வந்ததும் திறமை திடீரென்று வானத்திலிருந்து குதித்ததா? இல்லை! அது தொழிலாளி வீட்டில் எப்போதும் இருந்தது; கதவு திறந்தது, வெளியே வந்தது.

ஆகவே நாம் சொல்கிறோம்: பிரிவினை மேலிருந்து வேண்டாம், அடியிலிருந்து தொடங்கட்டும். ஒவ்வொரு வட்டாரத்திலும் நடந்துபோகும் தூரத்தில் போட்டி வை. வலுவான அணிகளை ஒரே பிரிவில் குவிக்காமல் எல்லாப் பிரிவுகளிலும் பரப்பு. தேறிய அணியிடம் மறுகட்டணம் கேட்காதே. வழிச்செலவை, 2019-ல் ஆட்டத்தின் பெயரோடு தன் பெயரையும் பொறித்துக்கொண்ட போயிங் போன்ற கம்பெனிகளும் சர்க்காரும் ஏற்கட்டும். அதன்பின் இரண்டு களத்து வெற்றியாளரும் ஒரே களத்தில் மோதட்டும். நமக்கு ஆட்சேபம் இல்லை!

களத்தின் வாசலில் பணப்பை காவல் நிற்கும்வரை, உள்ளே எத்தனை கோப்பை கொடுத்தாலும் அது பாதிப் பிள்ளைகளின் போட்டியே!