யூகேஜிக்கு எதற்குக் கருப்பு அங்கி?

போன வாரம் பேத்தியின் யூகேஜி 'கிராஜுவேஷன் டே'வுக்குப் போயிருந்தேன். மார்ச் மாத வெயில். ஷாமியானாவுக்குக் கீழே ஐந்து வயதுப் பிள்ளைகள் கருப்பு அங்கியும் குஞ்சம் வைத்த தொப்பியுமாக ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தார்கள். சிறப்பு விருந்தினர் வரத் தாமதம். ஒரு பையன் அழுகிறான், ஒருத்தி பாத்ரூம் போகணும் என்கிறாள். டீச்சர்களைக் குறை சொல்ல மாட்டேன். பாவம், ஓடிக்கொண்டே இருந்தார்கள்.

அங்கி வாடகை, போட்டோ, சான்றிதழ் எல்லாம் சேர்த்து 1,200 ரூபாய்.

வீட்டுக்கு வந்ததும் பேத்தி கேட்டாள்: "தாத்தா, என் பிரெண்டுக்குக் காய்ச்சல்னு மிஸ் சொன்னாங்க. ஆனா இப்போ தெருவுல விளையாடுறாளே?"

அந்தப் பிள்ளையின் அப்பா ஆட்டோ ஓட்டுகிறார். எனக்குப் புரிந்துவிட்டது. பேத்திக்கு என்ன பதில் சொல்வது?

34 வருடம் அரசுப் பள்ளியில் பெரும்பாலும் ஒன்றாம் வகுப்புதான் எடுத்தேன். ஒன்றாம் வகுப்புக்கு வரும் பிள்ளை பயப்படாமல் பேச வேண்டும், பக்கத்துப் பிள்ளையோடு பகிர்ந்து சாப்பிட வேண்டும், கதை கேட்க ஆசைப்பட வேண்டும். அது போதும். பட்டம் என்பது படித்து முடித்தவருக்கு. இவர்கள் இன்னும் ஆரம்பிக்கவே இல்லையே! பல்கலைக்கழகங்களுக்கே பட்டமளிப்பு விழாவில் கைத்தறி ஆடை அணியலாம் என்று 2019-இல் யூஜிசி சொன்னது. நாம் அந்த அங்கியைக் குழந்தைக்கு மாட்டுகிறோம்.

ஆனால் ஒன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். என் பக்கத்தில் இருந்த ஒரு தாய் கண்ணைத் துடைத்துக்கொண்டே போட்டோ எடுத்தார். "நான் எட்டாவதோட நின்னுட்டேன் சார். இவ இதைப் போட்டுப் பார்க்கறதே எனக்குப் போதும்" என்றார். அந்தச் சந்தோஷத்தைக் கேலி செய்ய எனக்கு மனம் வரவில்லை.

அதனால் விழாவே வேண்டாம் என்று சொல்லவில்லை. விஜயதசமி அன்று அரிசியில் 'அ' எழுத வைத்துக் கொண்டாடுகிறவர்கள்தானே நாம்? பிள்ளைகள் யூனிபார்மிலேயே வரட்டும். காலை 9 மணிக்கு, அரை மணி நேரம். ஆளுக்கொரு பாட்டு, தான் வரைந்த ஒரு படம். கையில் ஒரு கதைப் புத்தகம். தனிக் கட்டணம் கூடாது. அந்தத் தாய் அப்போதும் போட்டோ எடுப்பார், அப்போதும் கண் கலங்குவார்.

அடுத்த வருடச் சுற்றறிக்கை எழுதப்போகும் தலைமை ஆசிரியர்கள் யோசியுங்கள். பணம் இல்லாததால் எந்தக் குழந்தைக்கும் 'காய்ச்சல்' வரக் கூடாது.